காதலுக்கு நூறு வரி

காதல் பெரியதா, கதை பெரியதா என்று பட்டிமன்றம் வைத்தால் நம் ஊரில் காதல்தான் ஜெயிக்கும். காதலை அளப்பதற்குக் கடலையும் வானத்தையும் துணைக்கு அழைப்பது கவிஞர்களின் வழக்கம். ஆனால் பத்திரிகாசிரியர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் கையில் கடலும் இல்லை, வானமும் இல்லை. ஓர் அளவுகோல் மட்டும் இருக்கிறது. "காதல் கதையா? பேஷாக எழுதுங்கள். ஒரு பக்கம். படத்துக்கும் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள்" என்பார்.

நான் நாவல் எழுதுகிறவன். நாயகன் நாயகியை முதல் முதலில் பார்ப்பதற்கே எனக்கு ஐம்பது பக்கம் தேவைப்படும். அவர்கள் பேசிக்கொள்வதற்குள் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் கடந்துவிடும். ஆகையால் ஒரு பக்கத்தில் காதலைச் சொல்லி முடிக்கிறவர்களிடம் எனக்கு மரியாதையும் உண்டு. கொஞ்சம் பொறாமையும் உண்டு. காதல் என்பது மெல்ல மெல்ல வளர்வது. காலம் இல்லாமல் காதல் இல்லை. ஒரு பக்கத்திலோ காலத்துக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் சில குட்டிக் கதைகள் நூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. மற்றவை அடுத்த மாதமே பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறிவிடுகின்றன. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்ன என்று தேடிக்கொண்டு போனால், அந்த வழி ருஷ்யாவில் ஒரு பனிச் சரிவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

1880-களில் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் நிக்கலாய் லெய்கின் என்பவர் 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை வாரப் பத்திரிகையை நடத்தி வந்தார். 'சில்லுகள்' என்று அந்தப் பெயரைத் தமிழாக்கலாம். பெயருக்கு ஏற்றாற்போல அதில் வந்தவை எல்லாம் சில்லுகளாகவே இருந்தன. கதை ஏறக்குறைய நூறு வரிக்குள் முடிய வேண்டும் என்பது லெய்கின் போட்ட சட்டம். அவருக்கு இலக்கியக் கொள்கை எதுவும் இதில் இல்லை. பக்கம் குறைவு, வாசகர்களுக்குப் பொறுமையும் குறைவு. அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுத வந்தவர்களில் ஒருவர் மாஸ்கோவில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர். பெயர் அந்தோன் செகாவ். அவருடைய தந்தை தகன்ரோக் என்ற துறைமுக ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1876-ல் கடை நொடித்துப் போயிற்று. கடன்காரர்களுக்கு அஞ்சிக் குடும்பம் மாஸ்கோவுக்குப் போய்விட்டது. 1879-ல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்த செகாவின் தலையில் குடும்ப பாரமும் சேர்ந்து ஏறிக்கொண்டது. லெய்கின் வரிக்கு எட்டுக் கோபெக் கொடுத்தார். நூறு வரி எழுதினால் எட்டு ரூபிள். வரிக்குக் கூலி, ஆனால் வரிக்கு வேலி! நம் ஊர்ப் பத்திரிகாசிரியர்கள்கூட இவ்வளவு சாமர்த்தியமாக யோசித்திருக்க மாட்டார்கள்.

செகாவுக்குச் சுருக்கம் பிடிக்காத விஷயமல்ல. நீட்டி முழக்குவது அவருக்கு ஆகாது. ஆனால் 'இங்கே தொடங்கு, இங்கே நிறுத்து' என்று யாரோ கோடு கிழித்துக் கொடுப்பது வேதனை தருகிறது என்று 1883-ல் லெய்கினுக்கே எழுதினார். எழுதினாரே தவிர நிறுத்திவிடவில்லை. அந்த ஒரு பத்திரிகையில் மட்டும் 200-க்கு மேற்பட்ட சிறு சிறு எழுத்துக்களை எழுதிக் குவித்தார். வர்ணனை எழுதினால் சம்பாஷணைக்கு இடம் இராது. சம்பாஷணை எழுதினால் பூர்வோத்தரம் சொல்ல முடியாது. எதைச் சொல்லாமல் விட்டாலும் கதை நிற்கிறது, எதை விட்டால் விழுகிறது என்பதை ஒவ்வொரு வாரமும் கை தானாகக் கற்றுக்கொண்டது.

இந்தப் பயிற்சியின் பலன் 1886-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாஸ்கோவில் 'ஸ்வெர்ச்சோக்' (சுவர்க்கோழி) என்ற இன்னொரு நகைச்சுவைப் பத்திரிகையில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் 'மண்ணீரல் இல்லாத மனிதன்' என்று அச்சாகியிருந்தது. வைத்தியருக்கு ஏற்ற புனைபெயர்தான். கதையின் பெயர் 'ஒரு சின்ன வேடிக்கை'.

கதை இதுதான். குளிர்கால நண்பகல். உயரமான ஒரு பனிமேடு. மேலிருந்து அடிவாரம் வரையில் கண்ணாடிபோல் மின்னும் சரிவு. சிவப்புத் துணி விரித்த சிறு சறுக்குவண்டியைக் காட்டி, "ஒரே ஒரு தடவை சறுக்கிப் போகலாம்" என்று ஓர் இளைஞன் நாத்யாவை அழைக்கிறான். அவளுக்கோ உயிரே போய்விடும் போலப் பயம். கடைசியில் சம்மதிக்கிறாள். வண்டி பாய்கிறது. காற்று முகத்தில் அறைகிறது, காதில் ஊளையிடுகிறது. அந்த இரைச்சலின் நடுவில், அவளை நேசிப்பதாக அவன் மெல்லச் சொல்கிறான். அடிவாரம் வந்துவிடுகிறது. காற்று அடங்குகிறது. அவன் ஒன்றுமே நடவாதவன் போல் நின்று சிகரெட் பிடிக்கிறான். அந்தச் சொல்லைச் சொன்னது அவனா, காற்றா? அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. "இன்னொரு தடவை போகலாம்" என்கிறாள்.

இன்னொரு தடவை, அதற்குப் பின் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் மேலே நிற்கும்போது முகம் வெளுக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது காற்றில் அந்தச் சொல் கேட்கிறது. ஒரு நாள் அவள் தன்னந்தனியாக மேடேறிச் சறுக்கிப் பார்க்கிறாள். அவன் இல்லாதபோதும் காற்று பேசுகிறதா என்று பரீட்சை செய்கிறாள். பாவம், பயத்தில் அவள் காதில் எதுவும் விழுந்திருக்க நியாயமில்லை. பிறகு வசந்தம் வருகிறது. பனிமேடு உருகுகிறது. அவன் பீட்டர்ஸ்பர்க்குக்குப் புறப்பட வேண்டும். அதற்கு முன் ஒரு மாலையில், அவள் வீட்டு வேலிக்கு இப்பால் நின்றுகொண்டு, காற்று வீசும் சமயம் பார்த்து அதே சொல்லை வேலி இடுக்கு வழியாகச் சொல்கிறான். துயரத்தோடு வாசற்படியில் நின்றிருந்த அவள் முகம் மலர்கிறது. காற்றை நோக்கி இரு கைகளையும் நீட்டுகிறாள்.

இதில் எது இல்லை என்று கணக்கெடுத்தால் நாவலாசிரியனுக்குத் தலை சுற்றும். கதை சொல்லும் இளைஞனுக்குப் பெயர் இல்லை. அவன் என்ன வேலை பார்க்கிறான், எத்தனை வயது, குடும்பம் எப்படி, ஒன்றும் இல்லை. போட்டிக்காரன் இல்லை, தடுக்கும் தகப்பனாரும் இல்லை. ஆனால் காதலுக்கு வேண்டிய காலம் இருக்கிறது. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதனால் செகாவ் அந்தக் காலத்தைச் சம்பாதித்துவிடுகிறார். சறுக்கல் ஒன்றுதான், சொல் ஒன்றுதான், சறுக்கும் பெண் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு பெண். ஒரு குளிர்காலம் முழுவதும் நம் கண் முன்னே ஓடிவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது: விலை. நாத்யா தன் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சொல்லை மறுபடி கேட்பதற்காக, ஒவ்வொரு நாளும் தன் உயிரையே பணயம் வைப்பதாக நினைத்துக்கொண்டு மேடேறுகிறாள். ஒரு பெண் எவ்வளவு காதலிக்கிறாள் என்று சொல்வதற்கு உவமைகள் வேண்டியதில்லை. அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்று காட்டிவிட்டால் போதும். மிகச் சிறிய கதையில் அதற்கு இரண்டே வரி செலவாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று இருக்கிறது. நடந்ததற்கு ஒரே சாட்சி அது. ஆனால் வாய் பேசாத சாட்சி. அதைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாது. இந்தப் பேசாத சாட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் வேலை இருக்கிறது.

இனி கதையின் முடிவுக்கு வருவோம். முடிவு என்று ஒருமையில் சொன்னது பிழை. இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் உண்டு. 1886-ல் பத்திரிகையில் வந்தபோது, காற்றுக்குக் கை நீட்டிய பெண்ணைப் பார்த்த இளைஞன் மறைவிலிருந்து வெளியே வந்து அவளிடம் ஓடுகிறான். உடனே வாசகர்களிடம் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டுக் கதையை முடித்துவிடுகிறான். சுபம்! வாரப் பத்திரிகை வாசகர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார். ஆசிரியருக்கு அப்போது வயது 26.

அதே மார்ச் மாதத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிரிகரோவிச் என்ற மூத்த எழுத்தாளர். உமக்கு இருப்பது உண்மையான திறமை, அதை அவசரத்தில் வீணாக்கிவிடாதீர் என்று உரிமையோடு கண்டித்திருந்தார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவில்லை என்று செகாவ் பதில் எழுதினார். அந்தக் கடிதம் அவரை மின்னல் போலத் தாக்கியது. சொந்தப் பெயரில் எழுதலானார், மெல்ல எழுதலானார்.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1899-ல் மார்க்ஸ் என்ற பிரசுரகர்த்தர் செகாவின் எழுத்து முழுவதையும் 75,000 ரூபிளுக்கு வாங்கினார். (தத்துவ ஞானி மார்க்ஸ் அல்ல; இவர் வியாபாரி.) தொகுதிக்காகப் பழைய கதைகளை எல்லாம் செகாவ் தூசு தட்டி எடுத்தார். பலவற்றைக் குப்பையில் போட்டார். 'ஒரு சின்ன வேடிக்கை'யைப் போடவில்லை. கல்யாணத்தை மட்டும் எடுத்துவிட்டார்.

புதிய முடிவில் இளைஞன் வேலிக்கு அப்பால் போவதில்லை. மூட்டை கட்டப் போய்விடுகிறான். அது நடந்து நெடுங்காலம் ஆகிறது. நாத்யாவுக்கு வேறொருவருடன் கல்யாணமாகி மூன்று குழந்தைகளும் இருக்கின்றன. ஆனால் காற்று கொண்டுவந்த அந்தச் சொல் அவள் வாழ்க்கையின் மிக இனிய நினைவாக இருந்துகொண்டிருக்கிறது. கதை சொல்கிறவனுக்கோ, தான் ஏன் அப்படிச் சொன்னோம், எதற்காக வேடிக்கை செய்தோம் என்பது இப்போது விளங்கவில்லை.

இந்த மாறுதலைச் செய்தபோது செகாவுக்கு வயது 39. காசநோய் முற்றி யால்டாவுக்குக் குடியேறிய சமயம். ஓல்கா நிப்பர் என்ற நடிகையுடன் கடிதப் போக்குவரத்து தொடங்கிய ஆண்டும் அதுவே. கல்யாணத்தில் கசப்புக் கொண்ட மனிதர் அல்ல அவர். 1901-ல் நிப்பரையே மணந்துகொண்டார். அப்படியானால் கதையில் மட்டும் மாலையைக் கழற்றுவானேன்?

முதல் முடிவில் காற்றுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. சொன்னது அவன்தான் என்று நாத்யாவுக்குத் தெரிந்துவிடுகிறது. வழக்கு தீர்ந்தது, சாட்சி வீட்டுக்குப் போகலாம். நமக்கும் இனி யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது முடிவில் வழக்கு தீரவே இல்லை. அவன் அவளை நேசித்தானா, இல்லையா? வேடிக்கை என்று தான் நினைத்துக்கொண்டது வேடிக்கைதானா? ஒரு விளையாட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஆயுள் முழுவதும் ஆறுதல் அடைந்தாள் என்றால், அது ஏமாற்றமா, பாக்கியமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர் வாசகர். நூறு வரிக்குள் அடைபட்டிருந்த கதை, கடைசி வரிக்குப் பிறகு அவர் மனத்தில் நீளத் தொடங்குகிறது. அதே 1899-ன் இறுதியில் வெளிவந்த செகாவின் புகழ் பெற்ற காதல் கதை 'நாய்க்காரச் சீமாட்டி'யும் இப்படித்தான், கதவைச் சாத்தாமலே விடைபெறுகிறது.

கடைசியில் ஒரு கல்யாணம் வேண்டும் என்ற ஆசை 1886-ஓடு போய்விடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வார இதழுக்கு ஒரு பக்கக் கதை ஒன்று கொடுத்தேன். ஒரு சிற்றூர் நூலகம். புத்தகங்களைக் கொடுத்து வாங்கும் இளைஞன். அடிக்கடி வரும் ஒரு பெண். அவள் திருப்பித் தரும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதோ ஒரு பக்கத்தில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தில் தனக்கு ஏதோ சேதி இருப்பதாக அவன் படித்துப் படித்துப் பார்ப்பான். வெறும் அடையாளத்துக்கு வைத்ததோ என்றும் தோன்றும். ஒரு நாள் அவள் கடைசிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஊரைவிட்டுப் போகப்போவதாகச் சொல்கிறாள். அவள் போன பிறகு புத்தகத்தைப் பிரிக்கிறான். டிக்கெட் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கதை அவ்வளவுதான்.

இதழ் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஸார், கதை ரொம்ப நன்றாக இருக்கிறது. தீபாவளி இதழில் வருகிறது. வாசகர்கள் வருத்தப்படக் கூடாது பாருங்கள். அவன் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் அவளைப் பிடித்துவிட்டான் என்று இரண்டே வரி சேர்த்துக்கொள்ளட்டுமா?" என்றார். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. நான் சம்மதிக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமாக…" என்று இழுத்தார். கடைசியில் கதை தீபாவளி இதழில் வரவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு சாதாரண இதழில் வந்தது.

அதற்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மாள் எனக்குக் கடிதம் எழுதினார்கள். 'தம்பி, உங்கள் கதையில் வருகிற பையன் டிக்கெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தானே ஒழிய, டிக்கெட்டில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பார்க்கவில்லையே! அவள் எந்த ஊருக்குப் போகிறாள் என்பதை அதில்தானே வைத்துவிட்டுப் போயிருப்பாள்? புருஷர்களே இப்படித்தான்.' கடிதத்தைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் எழுதியது நான் எழுதாத கதை. என்னுடையதைவிட ஒரு படி மேலான கதை. பஸ் ஸ்டாண்டு ஓட்டத்தைச் சேர்த்திருந்தால் அது பிறந்திருக்குமா? வாசகர்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைப்பவர்கள், வாசகர்கள் வேலை செய்வார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

'அப்படியானால் சுபமாக முடியும் குட்டிக் கதை எதுவும் தேறாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அமெரிக்காவில் இருக்கிறது.

வில்லியம் சிட்னி போர்ட்டர் என்பவர் பாங்கு வழக்கு ஒன்றில் தண்டனை பெற்று 1898 முதல் 1901 வரையில் ஒஹையோ சிறையில் இருந்தார். வெளியே வந்து, 1902-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, ஓ. ஹென்றி என்ற பெயரில் எழுதிக் குவித்தார். 'ஸண்டே வோர்ல்ட்' என்ற ஞாயிறு பத்திரிகைக்கு வாரம் ஒரு கதை. கதைக்கு நூறு டாலர். 1905 டிசம்பர் 10-ஆம் தேதி அதில் வெளிவந்ததுதான் உலகம் முழுவதும் தெரிந்த அந்தக் கிறிஸ்துமஸ் கதை. கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குவதற்காக மனைவி தன் கூந்தலை விற்கிறாள்; மனைவியின் கூந்தலுக்குச் சீப்பு வாங்குவதற்காகக் கணவன் கடிகாரத்தை விற்கிறான். தமிழில் எத்தனை மேடைகளில் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்!

இதில் கதவு இறுகச் சாத்தியிருப்பது போலத் தோன்றும். திடீர்த் திருப்பம், பிறகு முற்றும். ஆனால் ஒரு விந்தை: திருப்பம் இன்னது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் கதை கெட்டுப்போகவில்லை. ஏன்? டெல்லாவின் கையில் இருப்பது ஒரு டாலர் 87 சென்ட். கறிக்காரரிடமும் மளிகைக்காரரிடமும் பேரம் பேசிப் பேசி மிச்சம் பிடித்த காசு. வீட்டுக்கு வாரத்துக்கு எட்டு டாலர் வாடகை. கணவனின் சம்பளம் முப்பதிலிருந்து இருபதுக்கு இறங்கியிருக்கிறது. ஞாயிறு பத்திரிகையை வாங்கிய குமாஸ்தாக்களுக்கும் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஆகவே டெல்லாவின் வறுமையை விளக்க ஓ. ஹென்றிக்குப் பக்கங்கள் தேவைப்படவில்லை. அந்த 87 சென்ட்டே போதுமானதாக இருந்தது.

இங்கேயும் விலை இருக்கிறது: கூந்தல், கடிகாரம். பேசாத சாட்சியும் இருக்கிறது: உபயோகமற்றுப் போன சங்கிலியும் சீப்பும். திருப்பம் அம்பலப்படுத்துவது ஒரு தகவலை அல்ல, இரண்டு மனங்களை. அதனால்தான் இரண்டாம் தடவை படிக்கும்போதும் சுவைக்கிறது. கதை சுபமாக முடியலாம், சோகமாகவும் முடியலாம். வாசகர் செய்வதற்கு ஒரு வேலை மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ருஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்தால், பாடம் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. காதலை வரிக்கணக்கில் அளந்தவர் லெய்கின்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். நம்முடைய சங்கப் பாடல்களைத் தொகுத்த பெரியவர்கள் அதை என்றைக்கோ செய்துவிட்டார்கள். 3 முதல் 6 அடி வரை உள்ள அகப்பாட்டா? ஐங்குறுநூற்றில் போடு. 4 முதல் 8 அடியா? குறுந்தொகை. 9 முதல் 12 என்றால் நற்றிணை. 13 முதல் 31 என்றால் அகநானூறு. குறுந்தொகையில் இரண்டொரு பாட்டுக்கள் ஓரடி மிஞ்சியிருப்பது போன்ற சில விலக்குகள் தவிர அளவு பிசகவில்லை. காதலைப் பொருளால் பிரிக்காமல் அடியால் பிரித்துக் கட்டு கட்டிய இவர்களைவிடக் கறாரான பத்திரிகாசிரியர்கள் உண்டா?

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று; ஐந்தே அடி. களவு மணம் புரிந்த பெண் பேசுகிறாள். அவன் வாக்குத் தவறிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு. அன்றைக்கு அங்கே வேறு மனிதர் யாரும் இல்லை. இருந்தது ஒரு பறவை மட்டும். அதுவும் ஓடுகிற தண்ணீரில் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான் பாட்டு. நாத்யாவின் காற்றுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு மூத்த அக்காள் அந்தப் பறவை! காற்றாவது காதில் ஊளையிட்டது. இந்தப் பறவை இவர்கள் பக்கம் திரும்பியதோ என்னவோ. அதன் கண் மீன் மேல். இப்படிப்பட்ட சாட்சியை நம்பி ஒரு பெண் நிற்கிறாள் என்றால் அவள் நிலை என்ன? 'ஐயோ, நான் கதியற்றவள்' என்று அவள் அலறியிருந்தால் நாம் அனுதாபப்பட்டிருப்போம், மறந்தும் இருப்போம். பறவையை மட்டும் காட்டிவிட்டுக் கபிலர் விலகிவிட்டதனால், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் கடமை நம்முடையதாகிவிட்டது.

அகப்பாட்டில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியர் காலத்து மரபு. பெயர் இல்லாத இடத்தில் கேட்பவர் தம் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். மலையைச் சொன்னால் கூடல், கடற்கரையைச் சொன்னால் இரங்கல், வயலைச் சொன்னால் ஊடல் என்று புலவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தமும் இருந்தது. நியூயார்க் வாசகருக்கு 87 சென்ட் எப்படியோ, பழந்தமிழ் வாசகருக்கு நெய்தல் நிலம் அப்படி. பொதுவான உலகம் ஒன்று இருந்தால் விளக்கம் வேண்டாம். விளக்கம் வேண்டாவிட்டால் ஐந்து அடி தாராளம்.

இந்தச் செல்வம் வெகு காலம் ஓலையில் தூங்கிக் கிடந்தது. குறுந்தொகை அச்சில் ஏறியது 1915-ல், டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வந்தது 1937-ல். வேடிக்கை என்னவென்றால், ஏறத்தாழ அதே காலத்தில்தான் தமிழ்ச் சிறுகதையும் தன் காலில் நிற்கத் தொடங்கியது. 1933-ல் பிறந்த 'மணிக்கொடி' 1935-ல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் கதைப் பத்திரிகையாக மாறியது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கு. ப. ராஜகோபாலன் (1902–1944), கணவன் மனைவிக்கு இடையே, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே சொல்லாமல் நின்றுபோகும் வார்த்தைகளையே கதையாக்கினார். காதல் கதையில் மௌனத்துக்கு எவ்வளவு இடம் உண்டு என்று தமிழ் வாசகருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிறகு 1947-ல் எஸ். ஏ. பி. அண்ணாமலை 'குமுதம்' தொடங்கினார். ஒரு பக்கக் கதை என்ற பண்டத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் அந்தப் பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, உலை கொதிப்பதற்குள், மதியத் தூக்கம் கண்ணைச் சுற்றுவதற்கு முன்னால் படித்து முடிக்கக்கூடிய காதல்!

இந்த ஒரு பக்கக் கதைகளைக் கண்டு மூக்கைச் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. ஆனால் அவற்றில் ஒரு நோய் புகுந்ததையும் மறைப்பதற்கில்லை. ஒருவன் உருகி உருகிப் பேசுவான்: 'உன்னைத் தொடும்போது என் மெய் சிலிர்க்கிறது, நீ இல்லாமல் ஒரு நாளும் கழியாது.' கடைசி வரியில் அது அவனுடைய ஸ்கூட்டர் என்று தெரியவரும். அல்லது, காத்திருந்த பெண் காதலி அல்ல, தங்கை என்று தெரியவரும். வாசகர் ஏமாந்தார், எழுத்தாளர் ஜெயித்தார். ஆனால் இதில் யார் என்ன விலை கொடுத்தார்? யாருடைய மனம் திறந்தது? இந்தக் கதைகளைத் திரும்பப் படிக்க முடிவதில்லை. பெட்டிக்குள் இருப்பது இன்னதென்று தெரிந்த பிறகு பெட்டியைத் திறப்பதில் என்ன சுவாரஸ்யம்? தகவலை ஒளித்துவைப்பது எளிது. மனத்தை ஒளித்துவைக்காமலே மறைத்துக் காட்டுவதுதான் கடினம். செகாவின் கதையில் நமக்கு எதுவும் ஒளிக்கப்படவில்லை. சொன்னது அவன்தான் என்று முதலிலிருந்தே நமக்குத் தெரியும். தெரிந்தும் தவிக்கிறோம். அங்கேதான் கலை இருக்கிறது.

இன்று கைபேசித் திரையில் இன்னும் குட்டியான கதைகள் வருகின்றன. நூறு வரி நூறு சொல்லாகச் சுருங்கிவிட்டது. இதனால் காதல் கதை அழிந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. மூன்று அடியில் காதலைச் சொன்ன மொழி இது. பயம் வேறு இடத்தில் இருக்கிறது: வாசகரை நம்பாமல் போய்விடுவோமோ என்பது. கல்யாணத்தைச் சேர்க்கட்டுமா என்று கேட்கும் குரல் எல்லாக் காலத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அது கெட்ட குரல் அல்ல, அன்பான குரல். அதனால்தான் அதை மறுப்பது கஷ்டம். இருபத்தாறு வயதுச் செகாவே அதற்கு இணங்கியிருக்கிறார்.

காதலைப் பற்றி வாசகருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியது அநேகமாக ஒன்றும் இல்லை. தாலி கட்டியவரிடம் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, எப்போதோ ஒரு திருவிழாக் கூட்டத்தில் திரும்பிப் பார்த்த முகம், கிழித்துப் போட மனமில்லாமல் ஒளித்துவைத்த ஒரு காகிதம் என்று ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும். மிகச் சிறிய காதல் கதை செய்யக்கூடிய பெரிய உபகாரம், அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவைப்பதுதான். எழுதுகிறவன் ஒரு காற்றையோ, ஒரு பறவையையோ, ஒரு பஸ் டிக்கெட்டையோ வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மிச்சத்தைத் திருநெல்வேலிப் பெரியம்மாள் பார்த்துக்கொள்வார்கள்.